நித்தியகல்யாணிக் காடு

என் அக்கா வீட்டுக்காரர் நோயில் விழுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவர் நிலத்தில் நித்தியகல்யாணி நின்றது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊரில் இப்போது கதையை மாற்றிப் பேசுகிறார்கள். நோய்க்கு மருந்தாகும் என்றுதான் அதை விதைத்தார் என்கிறார்கள் சிலர். அதை விதைத்ததால்தான் நோயே வந்தது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய்.

கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவர்களுக்குச் செம்மண் காடு. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். ஆழ்துளைப் போரில் தண்ணீர் இருந்தவரைக்கும் மச்சான் கடலையும் மொச்சையும் போட்டார். நான் உத்தமபாளையத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் இறங்க இறங்க எனக்கு வேலை கூடும். வெறுங்காற்றை இழுத்து எரிந்துபோன மோட்டார்கள் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். மச்சானுடையதும் ஒரே கோடையில் அடுத்தடுத்து வந்தது. பிறகு ஒருநாள் வெறுங்கையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“போர்ல தண்ணி இருந்தாத்தான மாப்ள மோட்டாருக்கு வேல. விட்டுரு” என்றார்.

மழையை நம்பிக் கடலை போட்டால், காய் பிடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிக் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. அந்தச் சமயத்தில்தான் தேனியிலிருந்து மூலிகை வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். நித்தியகல்யாணி போடுங்கள், விதை நான் தருகிறேன், இலையை உருவிக் காயவைத்துக் கொடுங்கள், செடி முற்றியதும் வேரையும் கொடுங்கள் என்றார். பன்றி வராது, ஆடு வாய் வைக்காது, இரண்டு மழை போதும்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்று இன்னொரு பெயர் உண்டு. குழிமேட்டில் தானாக முளைத்து வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கும்.

“சுடுகாட்டுப் பூவக் காடு பூராம் வெதச்சா வெளங்குமா?” என்றாள்.

“அது ஊர் வச்ச பேரு. அதோட சொந்தப் பேரப் பாரு, நித்தியகல்யாணி. நம்ம காட்டுல தெனமும் கல்யாணந்தான்” என்று மச்சான் சிரித்தார். அவருக்குப் பெரிய குரல். அவர் சிரித்தால் பக்கத்துக் காட்டில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வியாபாரி சொன்னபடியே நடந்தது. வெயிலில் மற்றதெல்லாம் சுருண்டு கிடக்கும்போது அந்தச் செடி மட்டும் பூத்துக்கொண்டே இருந்தது. ஆடுகள் வரப்பில் நின்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பக்கத்துக் காட்டுக் கன்றுக்குட்டி ஒன்று, காயப்போட்ட இலைக் குவியலில் வாய் வைத்துவிட்டு வாயில் நுரை தள்ளிக் கிடந்து, கடைசியில் எப்படியோ எழுந்துகொண்டது. அதற்குப் பிறகு மச்சான் களத்தைச் சுற்றி முள் வைத்தார். இலை எங்கே போகிறது, எதற்கு ஆகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சுகருக்கு மருந்து செய்கிறார்கள் என்று வேலைக்கு வரும் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தபோது பல்வலியால் வந்தது என்று மச்சான் நினைத்தார். பல்லைப் பிடுங்கிய பிறகும் அது போகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது. சட்டை தொளதொளவென்று ஆனது. தேனியில் ஸ்கேன் எடுத்து, கட்டியில் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். நிணநீர்க் கட்டியில் வருகிற புற்றுநோய், லிம்போமா என்று பெயர், மருந்து இருக்கிறது, நிறையப் பேருக்குக் கேட்கிறது என்று எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்.

முதல் முறை மருந்து ஏற்றிய அன்று நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். முதலில் சிவப்பாக ஒரு மருந்து போனது. பிறகு தண்ணீர் மாதிரி இன்னொன்று. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“விவசாயம்னு போட்டிருக்கு. என்ன பயிர் பண்றீங்க ஐயா?”

“நித்தியகல்யாணிம்மா.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “பயிராவா? தோட்டத்துல அழகுக்கு வைக்கிறதைச் சொல்றீங்களா?”

“காடு பூராம் அதாம்மா. இலையும் வேரும் யாவாரிக்குப் போகுது.”

“ஐயா, இப்ப உங்களுக்கு ஏறுற இந்த மருந்து எதுல இருந்து எடுக்கிறாங்க தெரியுமா? நித்தியகல்யாணியிலதான்.”

மச்சான் ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் ட்யூபையே பார்த்தார். “நான் வெளைய வச்சதா?”

“உங்க காட்டு இலைதானான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தச் செடிதான். வண்டி வண்டியா இலை போனாத்தான் இந்த மருந்து ஒரு சிட்டிகை கிடைக்கும்னு படிச்சிருக்கோம்.”

மச்சான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா பயந்து, வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினார். அன்று ஊர் திரும்பும்போது, பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கும் முன் சீட்டுக்காரருக்கும் கண்டக்டருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. “நம்ம காட்டுச் செடிங்க. கோம்பையில இருந்து எங்கெங்கயோ போயிட்டு, ஊசியா எங்கையிலயே வந்து ஏறுது பாருங்க” என்றார். வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டிருந்த மனிதர், தூங்காமல் தேனி வரை பேசிக்கொண்டே வந்தார்.

கட்டி கரைந்தது. நாங்கள் விரலால் தடவிப் பார்த்தோம், இல்லை. அந்தச் சில மாதங்களைப் போல அந்த வீட்டில் நான் சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மச்சான் காட்டுக்குப் போனார். இலை உருவும் பெண்களிடம் போய் நின்றார்.

“ஏ ஆத்தா, காம்பு கலக்காம உருவுங்க. மண்ணு ஒட்டியிருந்தா ஒதறிப் போடுங்க. என்னய மாதிரி எங்கனயோ கெடக்குறவனுக்குப் போற மருந்து இது.”

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காய்ந்த இலையைச் சாக்கில் பிடிக்கும் முன் களத்தில் உட்கார்ந்து, வேறு இலை கலந்திருக்கிறதா என்று கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் பார்ப்பார். தொழிற்சாலையில் அதையெல்லாம் சுத்தம் செய்துவிடுவார்கள் மச்சான் என்று நான் சொன்னேன். “செய்யட்டும். நம்ம கையில இருந்து போறது சுத்தமாப் போகட்டும்” என்றார்.

அந்தக் கைதான் முதலில் போனது. விரல் நுனி மரத்துக்கொண்டு வந்தது. மருந்தின் பின்விளைவு, நரம்பைப் பிடிக்கும், நிறுத்தியதும் மெல்லச் சரியாகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் கேட்டுக்கொள்வது வேறு, சட்டைப் பட்டனைப் போட முடியாமல் நிற்பது வேறு. வெளியூர் கிளம்பினால் முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு வருகிற மனிதர் அவர். அக்கா போட்டுவிடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். காலில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போவார். ஒருநாள் காட்டிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவரின் பாதத்தைப் பார்த்து அக்கா கத்தினாள். உடைமுள் ஒன்று உள்ளங்காலில் முழுசாக ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. நான் முள்ளைப் பிடுங்கினேன். ரத்தம் வந்தது. அவர் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இலையத் தொட்டா இலைனு தெரியல மாப்ள. காம்பா, சருகா, ஒண்ணும் தெரியல” என்றார்.

அதற்கும் பழகிக்கொண்டோம். உயிர் இருந்தால் போதும் என்று பேசிக்கொண்டோம். ஆனால் அடுத்த ஆடிக்காற்று தொடங்கிய நாட்களில் இருமல் வந்தது. தூசியால் என்று நினைத்தோம். பிறகு அக்குளில் ஒன்று தட்டுப்பட்டது. குளிப்பாட்டும்போது அக்காதான் கண்டுபிடித்தாள். அவரிடம் சொல்லாமல் எனக்குப் போன் செய்தாள். “அது வந்திருச்சுலே” என்றாள். அவ்வளவுதான். எது என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் மதுரை. வேறு மருந்துகள். நெஞ்சில் தண்ணீர் கோத்து, ஊசி குத்தி எடுத்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டரம்மா முன்பைவிட மெதுவாகப் பேசினார். ஒருநாள் மச்சானை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இனிமேல் வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. “டாக்டரம்மா, நீங்க மொதல்ல குடுத்தது நித்தியகல்யாணி மருந்துதான? அதுக்குத்தான கட்டி கரைஞ்சது?”

“ஆமாம்மா.”

“அது எங்க காட்டுல அம்புட்டு நிக்கிது. இன்னுங் கூடக் குடுத்தா என்ன?”

“செடி எவ்வளவு இருக்குங்கறது இல்லம்மா. அதுக்கு மேல அவர் உடம்பு தாங்காது. அதோட, இந்த நோய் அந்த மருந்துக்குப் பழகிடுச்சு. இனிமே அது கேக்காது.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவன்போல நான் நின்றேன். டாக்டரம்மா பேசியதும் தமிழ்தான்.

ஊர் சும்மா இருக்குமா? வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது ஒன்றைக் கையில் கொண்டுவந்தார்கள். கேரளாவில் வேலை பார்க்கும் ஒருவர் முள்சீத்தா இலை கொண்டுவந்தார். ஒருவர் கோதுமைப்புல் சாறு என்றார். போனில் வந்த வீடியோக்களை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். பழனிசெட்டிபட்டியில் ஒரு சித்த வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானே அவரைப் போய்ப் பார்த்தேன். ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் படித்துவிட்டு அடுக்கி என்னிடமே கொடுத்தார்.

“தம்பி, பொய் சொல்லி மருந்து குடுக்கலாம். வாங்கிட்டுப் போவீக. இது என் கைக்கு மீறுனது. அவுக தூங்குறதுக்கும் வயிறு எளகுறதுக்கும் வேணா ஏதாவது தாரேன், அதையும் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் குடுங்க.”

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருக்கக் கூடாதா என்று பஸ் ஸ்டாண்டில் நின்றபோது நினைத்தேன். அப்படியாவது ஒரு பொட்டலத்தோடு அக்காவிடம் போயிருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில், கடையில் இருந்தபோது அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். மச்சான் விடாமல் வாந்தி எடுக்கிறார், கண் சொருகுகிறது என்றார். ஆம்புலன்ஸில் தேனிக்குக் கொண்டுபோனோம். அவரை உள்ளே எடுத்துக்கொண்ட பிறகு, வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து ஓரமாகக் கொண்டுபோனாள். அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது.

“ஏலே, நான்தான் குடுத்தேன்.”

“எதக் குடுத்த?”

“நம்ம செடியத்தான். எலயவும் வேரயும் இடிச்சுக் கசாயம் போட்டு மூணு நாளாக் குடுத்தேன்.”

கன்றுக்குட்டி நுரை தள்ளியது அவளுக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னது அவளுக்குத் தெரியும்.

“அவுகளுக்குத் தெரியுமா, என்ன கசாயம்னு?”

“வாசத்துலயே தெரிஞ்சுக்கிட்டாக. ‘ஆடு திங்காததயா எனக்குக் குடுக்குற?’ன்னாக. நான் அழுதேன். டம்ளரை வாங்கிக் குடிச்சிட்டாக. ‘நீ ஆசப்பட்டுட்ட, குடு’ன்னாக. மறுநாள் அவுகளே கேட்டு வாங்கிக் குடிச்சாகடா.”

டியூட்டியில் இருந்த டாக்டரிடம் நான் போய்ச் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் திட்டவில்லை. என்னென்ன பாகம், எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மாலையில் அக்கா அவருடைய வழியை மறித்து நின்றாள்.

“ஐயா, நான் குடுத்ததாலயா?”

“இல்லம்மா. அவருக்கு நோய் முத்திருச்சு. நீங்க குடுக்காம இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்” என்றார் டாக்டர்.

அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நானும் அவரைத் தனியாகக் கேட்கவில்லை. அக்காவுக்கும் தெரியாது. அதை அவள் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வாந்தி நின்றதும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்தப் பெரிய குரல் போய்விட்டிருந்தது. வாய் அருகே காதை வைத்தால்தான் கேட்கும். வலிக்குக் கொடுத்த மருந்து வேலை செய்தது. அந்த ஒன்றுக்காக நான் கும்பிடுகிறேன். ஒரு மத்தியான நேரம், அக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். ஆற்றிய கஞ்சியை எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது கண் திறந்தபடி இருந்தது. தூங்கவில்லை என்று நினைத்து ஸ்பூனை வாயருகே கொண்டுபோயிருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் வாய் திறந்தது. சுடுகாட்டுப் பூவைச் சொந்தக் காட்டில் விதைத்தால் சும்மா விடுமா என்று எங்கள் பெரியப்பா வீட்டிலிருந்தே பேச்சு வந்தது. செடி முற்றி நின்றது. வேர் எடுக்கும் பருவம். வியாபாரி வந்து வாசலில் நின்று, துக்கம் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அழித்துவிடலாம் அக்கா, டிராக்டர் விட்டு உழுதுவிடலாம் என்று நான் சொன்னேன்.

“உழுதுட்டு?” என்றாள். “பன்னிக்குக் கடல போடவா?”

வேர் எடுத்தோம். ஆட்களோடு அவளும் குனிந்து பிடுங்கினாள். மண்ணை உதறி, பூவோடு இருந்த தலைப்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள். அடுத்த மழைக்கு மறுபடியும் அதையே விதைத்தாள். வேறு எதுவும் அங்கே வராது.

இது நடந்து ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அக்காவின் காட்டில் வேலிக்கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண் விசாரித்துக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். அவருடைய மகளுக்கு ரத்தப் புற்றுநோய், இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. மதுரையில் வைத்தியம் தொடங்கியிருக்கிறார்கள். ஊசி போட்டதும் பிள்ளைக்கு முடி கொட்டி, காய்ச்சல் வந்து, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்கவில்லையாம். புற்றுநோய்க்கு ஆகிற செடி இங்கே நிற்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“ஒரு கைப்பிடி எல குடுங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அக்கா தர மாட்டேன் என்றாள். “ஆத்தா, ஆஸ்பத்திரியில ஏத்துறதே இதுல இருந்து எடுக்குறதுதான். அங்கன அளந்து குடுக்குறாக. இங்கன நாம இடிச்சுக் குடுத்தா வெசம். பிள்ளயத் திருப்பி ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போ.”

நானும் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இந்த மருந்து நன்றாகக் கேட்கும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். மதுரை வார்டில் அதே ஊசியைப் போட்டுக்கொண்டு, மொட்டைத் தலையில் முடி முளைத்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

“ஒங்க வீட்டுக்காரவுகளுக்கும் அந்த ஊசியத்தானக்கா போட்டாக?”

ஆமாம் என்று அக்கா தலையாட்டினாள்.

“அவுக இருக்காகளா?”

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தப் பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் பைக்கில் கிளம்பி வந்தபோது, ரோட்டோரத்தில் தானாக முளைத்து நின்ற செடிகளின் முன்னால் குனிந்திருந்தார். கையில் ஒரு கேரிபேக் பாதி நிறைந்திருந்தது. நான் பைக்கை நிறுத்தினேன்.

“வேணாம்மா. அது வெசம்.”

“தெரியும்ணே. ஊசியும் வெசம்தான்னு டாக்டருதான் சொன்னாக” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போகும் டவுன் பஸ் வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் மனம் கேட்காமல் இருந்து, மூன்றாம் நாள் கடையைச் சாத்திவிட்டு அந்த வீட்டை விசாரித்துப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் தெரு. வீடு பூட்டிக் கிடந்தது. மதுரைக்குப் போனார்களா, கேரளாப் பக்கம் வைத்தியத்துக்குப் போனார்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “பிள்ளயத் தூக்கிட்டு அவசரமாப் போனாகப்பா, எங்கனன்னு சொல்லல” என்றார். பிறகும் இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் போனேன். கடைசியாகப் போனபோது வேறு ஆட்கள் குடிவந்திருந்தார்கள்.